ஊத்துத் தோட்டத்து வேலி

ஊத்துத் தோட்டம்,
செலண்டார்.
4-2-1951

அன்புள்ள தம்பி காளிதாஸுக்கு அக்கா பெத்தம்மாள் எழுதுவது.

நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நலம். ஆயிற்றா? இப்போது கேட்பதற்குப் பதில் சொல்.

பொங்கலுக்கு வருகிறேன் என்று எழுதினாய். உன் மாமா லாரிக்காரனைக் கெஞ்சி ஏறிப்போய், புலாவ் செபாங் ஸ்டேஷனில் காத்துக்கிடந்தார். இரண்டு ரயில் வந்து போனது. உன்னைக் காணோம். அரிசி பங்கீட்டில் வரும் இந்தக் காலத்தில் உனக்கென்று ஒரு படி ஒதுக்கி வைத்துப் பொங்கினேன். குஞ்சம்மாதான் "மாமா சோறு, மாமா சோறு" என்று சொல்லிச் சொல்லி அதைத் தின்று தீர்த்தாள்.

அப்புறம் ஒரு வாரம் கழித்து உன் கடிதம். பிரித்தால் இங்கிலீஷ் பேப்பரில் வந்த ஒரு படம். அரை டவுசரும் பனியனுமாக நீ. விலா எலும்பை எண்ணலாம். மூன்று மைல் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாய் என்று கடைக்காரர் கந்தசாமி படித்துச் சொன்னார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்து வீட்டில் அழுதேன்.

உன்னைப் பாலம் கட்டப் படிக்க அனுப்பினேனா, ஓட அனுப்பினேனா? ஓடுவதென்றால் இங்கேயே ஓடலாமே! விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடுகிறோம். ரப்பர் பால் வெட்ட மரத்துக்கு மரம் ஓடுகிறோம். மழை வந்தால் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். எங்களை ஒருத்தனும் படம் பிடிக்கவில்லை.

நாங்கள் இந்தத் தோட்டத்துக்கு மாறி வந்து எட்டு மாதம் ஆகிறது. நீ ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை. நம் பழைய தோட்டம் மாதிரி இங்கே குழாய் கிடையாது. ஒரே ஒரு கிணறு. ஆனால் என்ன கிணறு! ஊற்று நின்றதே இல்லையாம். அதனால்தான் நம் சனங்கள் ஊத்துத் தோட்டம் என்கிறார்கள். துரை வைத்த பேர் வேறு ஏதோ. என் வாயில் நுழையாது.

நாங்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போடப் போகிறார்களாம். காட்டில் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு நாங்கள் சோறு கொடுக்கிறோமாம். எங்களுக்கே இல்லை, இதில் தர்மம் வேறு.

வழக்கம்போல கந்தசாமி கடை விலாசத்துக்கே எழுது. தோட்டத்துக்கு எழுதினால் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பான்.

உன் மேல் கோபமாக இருக்கும்,
அக்கா பெத்தம்மாள்


கோலாலம்பூர்,
18-2-1951

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்று தரமும் கோபம் வந்தது. மாமாவைக் காக்க வைத்தது தப்பு, அதற்கு அவர் காலில் விழுகிறேன். ஓடுவதைப் பற்றி நீ எழுதியதற்கு விழ மாட்டேன்.

நான் என்ன இங்கே விளையாடிக்கொண்டா இருக்கிறேன்? காலை ஐந்தரைக்கு எழுந்து ஐந்து மைல். எட்டு மணிக்கு வகுப்பு. மதியம் முழுக்கப் படம் வரைவது, அளவைச் சங்கிலியை இழுப்பது. மாலையில் மறுபடி மைதானம். ராத்திரி கணக்கைத் திறந்தால் கண் சொருகுகிறது. போன தவணை கட்டடப் பாடத்தில் தேறவில்லை. இன்னொரு தரம் தவறினால் சர்க்கார் உதவிப்பணம் நின்றுவிடும் என்று பிரின்ஸிபால் எச்சரித்திருக்கிறார். "ஓட்டத்தை விடு" என்றார். விட மாட்டேன் என்றேன்.

ஏன் என்று கேள். விடுதியில் என்னோடு பதினொரு தமிழர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் டவுன் பையன்கள். ஆபீஸர் மகன், ஸ்டேஷன் மாஸ்டர் மகன், கிராணி மகன். வந்த முதல் வாரம் சாப்பாட்டு மேசையில் நான் "தண்ணி மொண்டுக்கிட்டு வர்றேன்" என்று சொன்னேன். கணேசமூர்த்தி என்று ஒருத்தன், "டேய், தோட்டக்காட்டான் மொண்டுக்கிட்டு வரானாம்டா!" என்றான். அன்றிலிருந்து அதுதான் என் பெயர். ஒரு வருஷம் நான் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. உனக்கு எழுதவில்லை, அவ்வளவுதான்.

மைதானத்தில் எட்டுப் பேர் ஓடுகிறோம். அங்கே எவனும் அப்பா என்ன வேலை என்று கேட்கவில்லை. செர்காம் மீன்பிடிக் கிராமத்து மலாய்ப் பையன் இஸ்மாயில், அவன்தான் எனக்கு முன்னால் ஓடுகிறவன். நான் தவறிய பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவன்தான். ஓடி முடித்து எட்டுப் பேரும் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு தேநீர் குடிப்போம். அதை விடச் சொல்லாதே.

ஏப்ரல் விடுமுறைக்கும் வர முடியாது. ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது. ஓட ஆணி வைத்த சப்பாத்து வேண்டும். திட்டு.

உன் தம்பி,
காளிதாஸ்


கோலாலம்பூர்,
29-4-1951

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன். இன்று சந்தோஷம், யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

டிராயிங் ஆபீஸில் முதல் இரண்டு வாரமும் படங்களில் எழுத்துப் போடத்தான் விட்டார்கள். மூன்றாம் வாரம் பெரிய டிராப்ட்ஸ்மேனுக்கு மலேரியா. தோட்டங்களுக்கு வேலி போடுகிற படங்கள் குவிந்து கிடந்தன. வெள்ளைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "ஹாலம் எஸ்டேட், மூன்றாவது டிவிஷன். கம்பி போதவில்லை. வேலியின் நீளத்தைக் குறைக்க வழி இருக்கிறதா பார்" என்றார்.

பார்த்தேன். வடக்குப் பக்கத்தில் வேலி ஒரு மூக்கைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை நறுக்கி நேர்கோடாகப் போட்டேன். பதினோரு சங்கிலி நீளம் மிச்சம், எழுநூறு அடிக்கு மேல். பத்து நிமிஷ வேலை! வெள்ளைக்காரர் என் முதுகில் தட்டி, காலேஜுக்குக் கடிதமும் எழுதினார். காலேஜ் திறந்ததும் விரிவுரையாளர் அதை வகுப்பில் வாசித்தார். கணேசமூர்த்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வேலியைக் கண்டு நீ பயப்பட வேண்டாம் அக்கா. அது உங்கள் பாதுகாப்புக்குத்தான். சப்பாத்து வாங்கிவிட்டேன். ஜூலை கடைசியில் பெரிய போட்டி.

உன் தம்பி, வருங்கால இஞ்சினியர்,
காளிதாஸ்


ஊத்துத் தோட்டம்,
10-6-1951

அன்புள்ள தம்பிக்கு,

பாதுகாப்பு வந்துவிட்டது. வந்து பார்.

மேல் டிவிஷன்காரர்களையும் பிடுங்கிக்கொண்டு வந்து எங்களோடு சேர்த்து அடைத்திருக்கிறார்கள். முப்பது வீட்டுச் சனம் இருந்த இடத்தில் எழுபது வீட்டுச் சனம். காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறக்கிறார்கள், சாயந்தரம் ஆறு மணிக்கு அடைக்கிறார்கள். பால் வெட்டுக்குப் போகும்போது ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. கையைத் தூக்கி நிற்க வேண்டும். பொம்பிளைகளைத் தடவிப் பார்க்க ஒருத்தியை வைத்திருக்கிறார்கள். காளியம்மா அத்தையின் வெற்றிலைப் பையைக்கூடக் கொட்டிப் பார்த்தாள். அத்தை விடுவாளா? "என்னாலா தேடறே? உள்ள துப்பாக்கியா வெச்சிருக்கேன்? சுண்ணாம்புதான் இருக்கு, நாக்கை நீட்டு தடவி விடறேன்!" என்றாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கிணறு வெளியே போய்விட்டதடா தம்பி! எங்கள் கிணறு வேலிக்கு வெளியே நிற்கிறது. இங்கிருந்து பார்த்தால் தெரிகிறது, கப்பியும் கயிறும் உட்பட. போக முடியாது. வெட்டு முடிந்து வந்தபின், நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை பொம்பிளைகளை மட்டும் விடுவார்கள். எழுபது வீட்டுக்கு ஒரே கயிறு, ஒரே மணி நேரம். ஆளுக்கு இரண்டு வாளிகூட வருவதில்லை. குளிக்கிறதா, குடிக்கிறதா, குழந்தைக்குக் கால் கழுவிவிடுகிறதா?

வேலி போட வந்த மேஸ்திரி ஒரு சங்கதி சொன்னான். முதலில் போட்ட படத்தில் கிணறு உள்ளேதான் இருந்ததாம். கோலாலம்பூரில் எவனோ ஒருத்தன் கம்பியை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிணற்றை வெட்டி எறிந்துவிட்டானாம். அவன் கை விளங்குமா? அவன் வீட்டில் யாரும் தண்ணீரே குடிப்பதில்லையா? தினமும் வரிசையில் நிற்கும்போது நான் அவனைச் சபிக்கிறேன். நான் ஆரம்பித்தால் எழுபது பேரும் சேர்ந்துகொள்கிறார்கள். அந்தக் கை அழுகிப் போக!

நீ இங்கிலீஷ் படித்தவன். ஜில்லா ஆபீஸருக்கு ஒரு மனு எழுது. அந்த ஆள் யாரென்று கண்டுபிடித்துக் கேள். இதுவரை உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை.

அக்கா


கோலாலம்பூர்,
20-6-1951

அன்புள்ள அக்காவுக்கு,

படித்து வருத்தப்பட்டேன். ஆனால் நீ நினைப்பதுபோல அது சுலபமில்லை. இந்த அவசரகாலத்தில் மனு எழுதுகிறவனைத்தான் முதலில் பிடித்துக் கேட்கிறார்கள், நீ எந்தக் கட்சி என்று. எனக்கு உதவிப்பணம் தருவதே சர்க்கார். போட்டி ஜூலை இருபத்தெட்டு, பரீட்சை செப்டம்பர். எல்லாம் முடியட்டும், எழுதுகிறேன்.

மேலும், ஊத்துத் தோட்டம் என்று மனுவில் எழுத முடியாது. இங்கிலீஷ் பெயர் வேண்டும். கேட்டில் பலகை இருந்தால் அதில் உள்ளதைப் பார்த்து எழுதி அனுப்பு. அவசரமில்லை.

காளிதாஸ்


ஊத்துத் தோட்டம்,
2-7-1951

தம்பி,

அவசரமில்லை என்று எழுதியிருந்தாய். போன திங்கட்கிழமை குஞ்சம்மாவுக்கு அனலாகக் காய்ச்சல். ஈரத்துணி போட்டுப் போட்டு இருந்த தண்ணீரும் தீர்ந்தது. கேட்டை அடைத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டேன், எவளிடம் இருக்கிறது? உன் மாமா வாளியை எடுத்துக்கொண்டு வேலிக்கு அடியில் நுழைந்து போனார். முதுகில் சட்டை கிழிந்து தோலும் கிழிந்தது. அரை வாளி இறைத்தவரை ஸ்பெஷல் போலீஸ் பிடித்துக்கொண்டது. காட்டில் இருப்பவனுக்குத் தண்ணீர் கொண்டுபோனானாம். ஜாசின் லாக்கப்பில் இருக்கிறார்.

சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனானே, அப்பா, அவரும் இரண்டு நாளில் வருகிறேன் என்றுதான் போனார். எனக்கு இப்போது ராத்திரியில் தூக்கமே இல்லை.

குஞ்சம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

பலகையில் இருந்ததைப் பார்த்து இந்தக் காகிதத்தின் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். எனக்கு அந்த எழுத்துத் தெரியாது, கோலம் போடுகிற மாதிரி போட்டிருக்கிறேன். தலைகீழாக இருந்தால் திருப்பிப் பார்த்துக்கொள்.

எழுது.

பெத்தம்மாள்


கோலாலம்பூர்,
9-7-1951

அக்கா,

தலைகீழாக இல்லை. ஒரு எழுத்துக்கூடத் தப்பாக இல்லை. ஹாலம் எஸ்டேட், மூன்றாவது டிவிஷன்.

ஏப்ரல் கடைசியில் நான் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார். அந்தப் பெயர் அதில் இருக்கும். நீ சபிக்கிற கை இதுதான், இப்போது இதை எழுதுகிற கை.

அது உன் தோட்டம் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை. அந்த மூக்கின் நுனியில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. கிணற்றுக்குப் போடுகிற அடையாளம் அது. எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பார்த்தேன். கிணறு என்று தெரிந்தது. எழுநூறு அடி மிச்சமாகுமே என்றுதான் நினைத்தேன். நம் பழைய தோட்டத்தில் குழாய் இருந்ததே, அங்கேயும் இருக்கும் என்று பிறகு சமாதானம் சொல்லிக்கொண்டேன். படத்தில் குழாய் எங்கேயும் இல்லை. அதையும் நான் பார்த்தேன்.

மாமா முதுகில் கம்பி கிழித்த இடம் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அந்தச் சப்பாத்தைப் போட என்னால் முடியவில்லை. படிப்பை விட்டுவிட்டு வந்து பால் வெட்டுகிறேன். உன்னோடு வரிசையில் நிற்கிறேன். என்ன செய்யச் சொல்கிறாய், சொல்.

காளிதாஸ்


ஊத்துத் தோட்டம்,
15-7-1951

காளிதாஸுக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்தேன். கந்தசாமி, "என்ன தாயி, நல்ல சேதியா?" என்றார். "ஆமாலா, ரொம்ப நல்ல சேதி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளைக்காரன் செய்திருந்தால் அவனுக்கென்ன தெரியும் என்று விட்டிருப்பேன். டவுன் பையன் செய்திருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். நீ வாளி தூக்கின பயல். ஆறு வயதில் பாதி வாளியைச் சிந்திக்கொண்டே எனக்குப் பின்னால் வந்த பயல். கிணறு என்று தெரிந்தும் நறுக்கினாயே! வெள்ளைக்காரன் முதுகில் தட்டினானாம், உனக்குக் குளிர்ந்துபோயிற்றாம்.

படிப்பை விட்டுவிட்டு வருகிறானாம். வந்து? உனக்கும் சேர்த்து நான் தண்ணீர் இறைக்கவா? நீ அழுவதற்கு இங்கே இடமில்லை, ஏற்கெனவே ஒரு வீட்டில் இரண்டு குடும்பம். உன்னைப் படிக்க வைக்க நான் வெட்டின மரத்தை எண்ணினால் உன் காலேஜ் சுவர் பூராவும் எழுதலாம். அதையும் வீணாக்கப் போகிறாயா?

கோடு போட்டது நீ. நீயே அதை அழி. புதுசாகப் படம் வரை. அதை மனுவோடு வைத்து அனுப்பு. முதல் படத்தை மாற்றினவன் நான்தான் என்று அதில் எழுது. உன் பேரைப் போடு. அப்பா பேரையும் போடு, அப்புசாமி, பால்மரம் வெட்டினவர் என்று. அந்தப் பசங்களுக்கு முன்னால் அதைச் சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தால் எனக்கு எழுதாதே, இனிமேல் எப்போதும் எழுதாதே.

பெத்தம்மாள்


கோலாலம்பூர்,
12-8-1951

அக்காவுக்கு,

மனுவின் நகலும் படத்தின் நகலும் இதோடு இருக்கின்றன. நீ சொன்னபடியே எல்லாம் எழுதியிருக்கிறேன். அப்பாவின் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது.

அளக்காமல் வரைந்தால் மதிக்க மாட்டார்கள். லீவு சனிக்கிழமைதான் கிடைத்தது, போட்டி நடந்த அதே சனிக்கிழமை. இஸ்மாயிலிடம் நடந்ததைச் சொன்னேன். "உன் அக்காவா?" என்று மட்டும் கேட்டான். அவனும் ஓடவில்லை. காலேஜ் சங்கிலியை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வந்தோம். வேலிக்கு அருகில் ஸ்பெஷல் போலீஸ் துப்பாக்கியை நீட்டிவிட்டது. அதில் ஒருத்தன் செர்காம்காரன், இஸ்மாயிலுக்குத் தெரிந்தவன். என்னைக் காட்டி, "காவான், காவான்" என்று சொல்லிச் சொல்லியே இஸ்மாயில் எங்களை அளக்க விட வைத்தான். நண்பன் என்று அர்த்தம். அந்த வார்த்தையை ஒருத்தன் எனக்காக அத்தனை தரம் சொன்னது அன்றுதான்.

நாலு மணிக்குக் கேட்டைத் திறந்தார்கள். வரிசையில் உன்னைப் பார்த்தேன். கிட்டே வரக் கால் வரவில்லை.

ஓட்டக்காரர்களில் ஐந்து பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். கணேசமூர்த்தி தானாகவே வந்து என் இங்கிலீஷைத் திருத்திக் கொடுத்தான். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தான். கையெழுத்து மட்டும் போடவில்லை. "என் அப்பா கிராணிடா" என்றான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை.

கம்பெனி காலேஜுக்குப் புகார் எழுதியிருக்கிறது. என்னை ஓட்டக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். உதவிப்பணத்தை விசாரணையில் வைத்திருக்கிறார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து என் பெட்டியைக் கிளறினார்கள். உன் கடிதங்களையும் படித்தார்கள். தமிழ் தெரிந்தவன் ஒருத்தன், "யாருடா இந்தப் பொம்பிளை, இந்தத் திட்டுத் திட்டுறா?" என்றான். என் அக்கா என்றேன்.

காளிதாஸ்


ஊத்துத் தோட்டம்,
7-10-1951

தம்பிக்கு,

இரண்டு மாதம் உனக்கு எழுதவில்லை. வேண்டுமென்றுதான் எழுதவில்லை. பரீட்சையில் தேறிவிட்டாய் என்று கார்டு வந்தது. உதவிப்பணம் பற்றி இன்னும் முடிவு வரவில்லை என்றும் பார்த்தேன்.

ஜில்லா ஆபீஸிலிருந்து ஒரு துரை உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். போன வாரம் வேலியை நீட்டிவிட்டார்கள், நீ போட்ட மாதிரியே, அந்த மூக்கோடு. கிணறு உள்ளே வந்துவிட்டது. கேட்டையும் சோதனையையும் யாரும் தொடவில்லை. உன் மாமாவை விட்டுவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்து பாதி ஆளாக வந்திருக்கிறார். முதுகில் தழும்பு இருக்கிறது. யார் போட்ட கோடு என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம், "பய இப்ப என்ன சாப்பிடறானாம்?" என்று கேட்டார். எனக்கு அந்த மனசு இல்லை.

அன்றைக்கு நீ வந்ததை நான் பார்த்தேன். சங்கிலியை இழுத்துக்கொண்டு நீ நடந்த நடையிலேயே தெரிந்துபோயிற்று, அப்பா நடை. கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் உன்னை மன்னித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு அதில் இஷ்டமில்லை. இன்றைக்கும் முழுசாக இல்லை. வரிசையில் நிற்கும்போது மற்றவர்கள் இன்னமும் அந்தக் கையைச் சபிக்கிறார்கள். இப்போது நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

தீபாவளிக்கு வா. அந்தச் செர்காம் பையனையும் கூட்டிக்கொண்டு வா, அவனுக்குக் கோழி அடிக்கிறேன். இரண்டு பேர் பேரையும் கேட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சோதனை போடும்போது நாங்கள் நிற்கிற மாதிரி கையைத் தூக்கி நில், முறைக்காதே. உள்ளே வந்ததும் எழுபது வீட்டுக்கும் வீட்டுக்கொரு வாளி தண்ணீர் இறைத்து ஊற்று. யாராவது ஏன் என்று கேட்டால் நீயே சொல். அப்புறம் வந்து சாப்பிடு. திட்ட வேண்டியதைச் சாப்பிட்டபின் திட்டுகிறேன்.

செலண்டாரிலிருந்து நடந்தே வா. இருட்டுவதற்குள் வந்து சேர். வேலி ஓரத்தில் மட்டும் ஓடாதேடா தம்பி. ஓடுகிறவனைக் கண்டால் சுடச் சொல்லி உத்தரவு.

அக்கா